வெறுங்காடு என்ற கற்பிதம்: பதுளை நகரும் ஊவா மலைகளும்

1. சன்னலோரக் காட்சியும் ஒரு கேள்வியும்

கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் புகையிரதம் பட்டிப்பொலைக்கு அப்பால் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. மறுபுறம் வெளிவரும்போது ஊவா. சில நாட்களில் அந்த ஒரு சுரங்கத்தின் இரு வாயில்களிலும் இரு வேறு வானிலை இருக்கும். இங்கே மழை, அங்கே வெயில். ஓஹியவில் பாசி படர்ந்த குள்ள மரங்களின் முகில்காடு. அப்புத்தளையில் தேயிலை. தியத்தலாவையில் புல்மேடுகளும் பைன் மரங்களும். எல்லவையும் 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து தெமோதரையில் பாதை சுற்றி இறங்கித் தனக்கு அடியிலேயே செல்கிறது. அங்கே மறுபடி தேயிலை. கடைசியில் வயல் சூழ்ந்த பதுளை. 1893இல் அப்புத்தளையை எட்டிய இருப்புப்பாதை பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று.

பயணி இவை அனைத்தையும் பச்சை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். முகில்காடு, பெருந்தோட்டம், புல்வெளி, நட்டு வளர்த்த பைன், வயல் என்ற ஐந்து வேறு நிலங்களும் ஐந்து வேறு வரலாறுகளும் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. ஊவாவின் காட்டுக்கு என்ன நேர்ந்தது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கேள்வி பழையது. அதற்குத் தரப்பட்டுவரும் பதில்கள் ஒன்றோடொன்று மோதினாலும் ஓர் அடிப்படைத் தவறை எல்லாமே பகிர்ந்துகொள்கின்றன என்பது என் வாதம்.

2. மூன்று பதில்கள்

முதலாவது, குடியேற்ற அரசின் பதில். கிராமத்தார் சேனைப் பயிருக்காகக் காட்டை எரித்தார்கள், புல்லுக்குத் தீ வைத்தார்கள், காட்டின் மதிப்பை அறியாதிருந்தார்கள் என்று அது சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன நிர்வாகம் இந்தக் குற்றச்சாட்டின் மேல்தான் எழுந்தது.

இரண்டாவது, தேசியவாதப் பதில். கண்டிச் சீமையின் காடு கிராமங்களின் பொதுச்சொத்தாக இருந்தது. வெள்ளைத் தோட்டக்காரன் அதைப் பறித்தான். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் அதை வெட்டி வீழ்த்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் கண்டி விவசாயி பற்றிய அரசியல் பேச்சில் இதுவே முதன்மையாக ஒலித்தது. கூலி என்ற சொல் அங்கே தோட்டக்காரனுக்கு அடுத்த குற்றவாளியின் பெயராயிற்று.

மூன்றாவது பதில் மலையகத் தமிழரின் நினைவிலிருந்து வருவது. காடாய்க் கிடந்ததை வெட்டித் திருத்திச் செல்வம் கொழிக்கும் மண்ணாக்கியவர்கள் எங்கள் முன்னோர். ஆகவே இந்த நாட்டில் எங்களுக்கு உரிமை உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் நியாயத்தை நான் ஐயுறவில்லை. அதன் முதற்சொல்லைத்தான் கேள்விக்கு உட்படுத்துகிறேன்: காடாய்க் கிடந்தது.

ஆய்வாளர்கள் இந்தப் பதில்களைப் பல கோணங்களில் உரசிப் பார்த்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்கள் கிராமத்தின் கழுத்தை நெரித்தன என்ற முடிவு மிகைப்பட்டது என்று மைக்கேல் ராபர்ட்ஸ் வாதிட்டார். ஒதுங்கி நிற்கும் தோட்டம், நெருக்குண்ட கிராமம் என்ற இருமைச் சித்திரமே குடியேற்றக் காலத்தில் உருவான பார்வைதான் என்றார் எரிக் மேயர். ஜேம்ஸ் வெப் 2002இல் வெளியிட்ட மலைநாட்டுச் சூழல் வரலாறு, 1800 முதல் 1900 வரை நிகழ்ந்த மாற்றத்தில் தோட்டக்காரரோடு கிராமத்தாரின் பங்கையும் சேர்த்தே எடைபோட்டது. இவர்களுக்குக் கடன்பட்டே எழுதுகிறேன். எனினும் பதுளையில் நின்று பார்க்கும்போது இன்னும் சில சாட்சிகள் அழைக்கப்படாமல் நிற்பதாகத் தோன்றுகிறது.

3. எரிந்த நகரம்

பதுளையை இன்று காண்பவருக்கு அது அமைதியான நகரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். சுற்றிலும் பதுளு ஓயா. கிழக்கில் 2,000 மீற்றருக்கு மேல் எழும் நமுனுகுலை. நகர் நடுவில் முதியங்கனை விகாரை, சற்றுத் தள்ளிக் கதிர்காமத் தேவாலயம், மேட்டில் 1857இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித மாற்கு ஆலயம். மஹியங்கனைப் பக்கத்துச் சொரபொர குளத்தருகே கண்டெடுக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு இங்கே கொண்டுவந்து காக்கப்படுகிறது. ஒரு சந்தை எவ்வாறு நடக்க வேண்டும், அதிகாரிகள் வணிகரிடம் எதை வாங்கக் கூடாது என்று அது விதிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடையும் வரியும் சட்டமும் இருந்த ஒரு மாகாணம் இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்நகரம் பலமுறை எரிந்தது. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் படையோடு மாண்டார். அதைவிடக் கொடியது 1817–18. ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி பதுளையின் உதவி வதிவிட அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் அம்புக்கு இரையானதில் மூண்டு, 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிப்பொல கண்டியில் தலை வெட்டப்பட்டதோடு அடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஆங்கிலப் படை வீடுகளையும் நெல்லையும் எரித்தது, கால்நடையை அழித்தது. வெல்லஸ்ஸ என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள் சொல்வார்கள். அந்த வயல்களில் பெரும்பகுதி ஆளின்றிப் போயிற்று.

இந்தப் போரை நான் இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வெப்ப நாட்டில் கைவிடப்பட்ட நிலம் இருபது ஆண்டுகளில் புதராகும். நாற்பதில் காடென்றே தோன்றும். 1818இல் மனிதரை விரட்டி வெறிச்சோடச் செய்த நிலத்தை, சரியாக 22 ஆண்டுகள் கழித்து அதே அரசு அளக்க வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடாத நிலம் எல்லாவற்றையும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கருதும்படி விதித்தது. ஓலையோ அரச மானியமோ வரி செலுத்திய சான்றோ காட்டாத கண்டிக் கிராமத்தானின் சேனையும் அதில் அடங்கிற்று. போரில் எரிந்துபோன வீட்டில் ஓலை எங்கே இருக்கும்? ஊவாவின் எந்தத் துண்டு நிலம் இப்படிக் கைமாறியது என்று ஒவ்வொன்றாகக் காட்ட இக்கட்டுரை முயலவில்லை. ஆனால் காலவரிசை தற்செயலானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

புனித மாற்கு ஆலயம் எழுப்பப்பட்டது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் நினைவாக. பதுளையில் அதிகாரியாக இருந்த அவர் 1845 ஜூன் 7இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாக எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். எண்ணிக்கை மிகையாயினும், பதுளைப் பள்ளத்தாக்கைச் சுற்றி அன்று யானைகள் திரியும் அளவுக்குக் காடு இருந்தது என்பதற்கு அது மறைமுகச் சான்று. இன்று யானையைக் காண மஹியங்கனைக்கோ வெல்லஸ்ஸத் தாழ்நிலத்துக்கோ இறங்க வேண்டும்.

4. புல்லின் சாட்சியம்

காடு இருந்தது உண்மை. ஆனால் எங்கும் இருந்ததா? வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட பெருங்கிண்ணம் கோப்பித் தோட்டங்கள் வருவதற்கு முன்பே புல்வெளியாக இருந்தது. 1819இல் ஊவாவுக்குச் சென்ற மருத்துவர் ஜோன் டேவி, 1821இல் வெளியான தம் நூலில் மேல் ஊவாவைத் திறந்த பச்சைக் குன்றுகளின் நாடாகவே காட்டுகிறார். சிங்களத்தில் இந்தப் புல்வெளிக்குப் பத்தன என்று பெயர். ஹற்றனுக்கு அருகே பத்தனை என்னும் ஊர் அந்தச் சொல்லைத் தமிழ் நாவிலும் நிறுத்தியிருக்கிறது. தியத்தலாவை, தலவாக்கலை என்ற பெயர்களில் ஒலிக்கும் தலாவ என்பதும் திறந்த வெளியே. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேரைத் தியத்தலாவையில் அடைத்து வைக்க முடிந்ததும் அங்கே அத்தகைய மேடு ஆயத்தமாக இருந்ததால்தான்.

புல் எப்படி வந்தது என்பதில் தாவரவியலாளர் பிளவுபட்டனர். தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் மழையை இறைத்துவிட்டுச் சூடான கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மரம் தழைக்கத் தேவையான ஈரமில்லை. ஆகவே வானிலையே காரணம் என்பது ஒரு கட்சி. ஆண்டுதோறும் மானாப்புல்லுக்கு வைத்த தீயே காட்டைப் பின்வாங்கச் செய்தது என்பது மறுகட்சி. 1951இல் இலங்கையின் புல்வெளிகளைப் பற்றித் தனிநூல் எழுதிய வனவியலாளர் சி. எச். ஹோம்ஸ் தீயின் பக்கம் நின்றார். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காய்ந்த காற்று இல்லாவிட்டால் தீ பரவாது; தீ இல்லாவிட்டால் ஓடைப் பள்ளங்களிலிருந்து மரம் மெல்ல மேலேறியிருக்கும். புல் என்பது கச்சானும் மனிதனும் நெடுங்காலம் சேர்ந்து செய்தது. மாடு மேய்ந்தது, கூரைக்குப் புல் அறுத்தார்கள், சாம்பல் வயலுக்கு வழிந்தது.

கீழே பிபிலை, நீல்கல பக்கம் இறங்கினால் இதன் இன்னொரு வடிவம் தெரியும். நீளப் புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி. நம் வீட்டுத் திரிபலாச் சூரணத்தின் மூன்று மரங்களும் ஒரே வெளியில் நிற்கும். தடித்த பட்டை கொண்ட, தீயைத் தாங்கும் மரங்கள் இவை. தீயோடு பழகிய காடு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியின் வேடர் பற்றிய ஆய்வு இந்த நிலத்து மக்களிடையே செய்யப்பட்டது. 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா உருவானபோது தம்பானை வேடரின் வேட்டைக்காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்டது. காட்டைக் காப்பதற்கு முதலில் அங்கே யாரும் வாழ்ந்ததில்லை என்று தீர்மானித்துக்கொள்ளும் பழக்கம் குடியேற்ற அரசோடு முடிந்துவிடவில்லை.

5. கோடரி யார் கையில்?

கோப்பித் தோட்டக்காரர் புல்வெளியைத் தொடவில்லை. அந்த மண் சத்தற்றது என்பது அவர்கள் கணிப்பு. அவர்கள் தேடியது உளுத்த இலைமக்கு நிறைந்த கன்னிக்காடு. எனவே ஊவாவில் தோட்டங்கள் கிண்ணத்தின் அடியைவிட விளிம்பையே பற்றின: அப்புத்தளைச் சரிவு, நமுனுகுலை, பசறை, மடுல்சீமை. கண்டியரசர்கள் அரணாக விட்டுவைத்திருந்த உயர்காடுகளும் இந்த உயரத்தில்தான் நின்றன. கிராமத்து வயலும் மேய்ச்சலும் கீழே, தோட்டம் மேலே என்ற அமைப்பு இப்படி வந்தது. ராபர்ட்ஸின் வாதத்துக்கு ஊவா ஓரளவு துணை செய்வது இந்த இடத்தில். ஆனால் வயலுக்கு இறங்கும் ஓடையின் தலை மேலேதான் இருந்தது என்பதை ஏக்கர்க் கணக்கு காட்டாது.

காட்டை வீழ்த்திய முறையைத் தோட்டக்காரர் குறிப்புகள் விரிவாகச் சொல்கின்றன. சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிக்கொண்டே மேலேறுவார்கள். உச்சியில் நிற்கும் பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்த்ததும் அவை கீழுள்ளவற்றின் மேல் விழ, கொடிகள் இழுக்க, மலைப்பக்கம் முழுவதும் ஒரே முழக்கத்தோடு சரியும். காய விட்டுத் தீ வைப்பார்கள். சேனைக்காரனின் தீயைக் குற்றமென்று சட்டம் எழுதியவர்களின் தீ இது.

அந்தக் கோடரிகள் பெரும்பாலும் யார் கையில் இருந்தன? மூன்றாவது பதில் இங்கே திருத்தம் பெற வேண்டும். கோப்பிக் காலத்தில் காடு வெட்டுவது பெரிதும் ஒப்பந்த வேலை. அதில் தேர்ந்தவர்கள் அயற்கிராமத்துச் சிங்களவர். தமிழ்த் தொழிலாளி வந்தது அதற்குப் பின்: எரிந்த கட்டைகளுக்கிடையே குழி வெட்டினார், கல் பொறுக்கினார், கான் எடுத்தார், பாதை போட்டார், நட்டார், களை எடுத்தார், காய் பறித்தார். இந்த உழைப்பின் கொடுமையையும் வழிநெடுக நேர்ந்த சாவுகளையும் டொனோவன் மோல்ட்ரிச் தம் நூலில் ஆவணப்படுத்தியிருக்கிறார். தமிழர் காடழித்தனர் என்ற பழி இதனால் வலுவிழக்கிறது. நாமே காட்டை வெட்டினோம் என்ற பெருமையும் அதே அளவு வலுவிழக்கிறது. மலையகத்தவருள் சிலருக்கு இது உவப்பாக இராது. ஆயினும் உரிமை கோருவதற்கு வெட்டிய காடு தேவையில்லை. காத்து வளர்த்த மண் போதும்.

அழிந்த காட்டின் இடத்தில் ஒரே ஒரு செடி. 1869இல் மடுல்சீமையின் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் த்வெய்ட்ஸ் மாதிரியை அனுப்ப, இங்கிலாந்தில் பார்க்லி அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது. உலகக் கோப்பி வரலாற்றைத் திருப்பிய அந்தப் பூஞ்சையின் முதற்பதிவு பதுளை மாவட்டத்துக்கு உரியது. 1880இல் வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோயின் வித்துகள் காற்றில் பரவுகின்றன, இடையீடின்றி ஒரே பயிர் நிற்பதே அவற்றுக்கு வழி என்று விளக்கினார். 1870களின் இறுதியில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கரில் நின்ற கோப்பி அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மடிந்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் கச்சான் வீசும் மாதங்களில் பறிக்கும் கொழுந்தில்தான் இருக்கிறது. புல்லைக் காயவைத்த காற்றே கொழுந்துக்கு விலை சேர்த்தது.

6. முகடும் பைனும்

1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். ஓஹியவில் பயணி காணும் முகில்காடு தப்பிப் பிழைத்ததில் அந்த உயரக்கோட்டுக்குப் பங்குண்டு. 1885இல் வனக் கட்டளைச் சட்டம், 1887இல் வனத் திணைக்களம். அதுவரை எரிக்க அனுமதித்த காட்டைக் காக்கும் பொறுப்பு வந்ததும் கண் திரும்பியது கிராமத்தின் சேனை மேல்.

புல்வெளியின் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. தரிசு என்று கருதப்பட்ட பத்தனையில் கரீபியப் பைன் வரிசை வரிசையாக நடப்பட்டது. வரைபடத்தில் அது காடு. கீழே வாழ்பவர்களோ ஊற்று வற்றியது, ஊசியிலை படிந்த தரையில் எதுவும் முளைப்பதில்லை, கோடையில் அது பந்தமாக எரிகிறது என்கிறார்கள். புல்லைவிட மரம் அதிக நீரை உறிஞ்சி ஆவியாக்கும் என்பது அறிவியல் ஏற்கும் பொதுவிதி. ஆகவே ஊற்றைப் பற்றிய முறையீட்டைப் புறந்தள்ள இயலாது. சிங்கராஜக் காட்டோரத்தில் பைனைச் செவிலி மரமாக்கி அதன் நிழலில் நாட்டு மரங்களை வளர்க்க முடியும் என ஆஷ்டன், குணதிலக்க குழுவினர் 1990களில் காட்டினார்கள். அது ஈரவலயம். கச்சான் காயும் ஊவாவில் அதே பலன் தானாகவே கிட்டும் என்று எதிர்பார்க்க ஆதாரம் போதாது.

7. தோட்டத்தார் அறிந்த காடு

இதுவரை பேசிய சாட்சிகள் எல்லாம் அதிகாரிகளும் ஆய்வாளர்களும். தோட்டத்து மக்களுக்கும் ஒரு சாட்சியம் உண்டு. தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்ட ஒரு பெருமரமும் அதனடியில் கல்லும் சூலமும் இல்லாத தோட்டம் அரிது. மாடசாமி, முனியாண்டி. தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி. செடியை வெட்டித் தறிக்கும் முன் படையல் பெறும் கவ்வாத்துச்சாமி. கத்தோலிக்கருக்கு வனத்துச் சின்னப்பர். இந்தத் தெய்வங்களை ஊரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கையின் எச்சமாக மட்டும் படிப்பது வழக்கம். எனக்கு அவை நிலத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையாகத் தெரிகின்றன. இங்கே ஏற்கனவே யாரோ குடியிருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் நேரெதிர் வாசகம் அது.

நாளாந்த அறிவும் உண்டு. தொழிலாளர் வாழும் லயத்துப் பீலிக்கு வரும் நீர் எந்த முகட்டுக் காட்டிலிருந்து இறங்குகிறது, எந்த மாதத்தில் மெலிகிறது என்பது குடம் சுமந்த பெண்களுக்குத் தெரியும். கவ்வாத்து மிலாறு அடுப்புக்குப் போதாத மாதங்களில் காட்டின் எந்தப் பக்கம் விறகு கிடைக்கும் என்பதும் தெரியும். நில அளவைப் படம் எதிலும் இது ஏறவில்லை. ஹாலிஎலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 2022இல் மறையும் வரை இந்த அறிவின் ஒரு பகுதியைக் கதைகளில் சேர்த்து வைத்தார். ஊவாவின் சூழல் வரலாற்றை எழுதுவோர் அவரையும் ஆவணமாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊர்ப்பெயர்களும் இதே வகைச் சாட்சி. லந்த என்றால் சிங்களத்தில் புதர்க்காடு, பெத்த என்றால் காடு, கொஸ் என்றால் பலா. கொஸ்லந்தை பலாப்புதர். மீரியபெத்தை என்னும் பெயர் காட்டில்தான் முடிகிறது. பெயர் வைத்த காலத்தை இவை சொல்வதில்லை, ஆதலால் இவற்றின் மேல் அதிகம் சுமத்தலாகாது. என்றாலும் பெயருள்ள காடு மனிதர் புழங்கிய காடு.

8. மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மேல் மலை இறங்கியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயினர். அங்கே மண் ஏற்கனவே பழைய சரிவுகளின் குவியல். மேலே செங்குத்தான பாறை. இடம் பாதுகாப்பற்றது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். எங்கே போவது என்பதே பதில். லயம் அவர்களுடையதன்று, லயத்தைச் சுற்றிய நிலமும் அவர்களுடையதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டச் சரிவுகள் மறுபடி பல உயிர்களைக் கொண்டன.

அந்த நிலத்தின் கணக்கு இது: 1840களின் தொடக்கத்தில் முடிக்குரிய காணி ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் அரசு அதிகாரிகளும் இருந்தனர். ஓர் ஏக்கர் 160 பேர்ச். 2015க்குப் பின் தோட்டக் குடும்பம் ஒன்றுக்குத் தனிவீடு கட்டித் தருவதாக அரசு ஒதுக்க முன்வந்த காணி 7 பேர்ச். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது இன்னும் கையில் வரவில்லை.